தன் பாட்டைத் தானே பாடும் குரல்

25 மே 2025, ஞாயிறு

கம்பத்தில் காதுகுத்து விழா முடிந்து மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். உத்தமபாளையம் தாண்டியதும் மகள் தன் கைப்பேசியிலிருந்து பாட்டுப் போட்டாள். ‘ஜனனி ஜனனி’ தொடங்கிப் பத்து நொடிகூட ஆகியிருக்காது, முன் இருக்கையிலிருந்த சித்தப்பா அதை மாற்றச் சொன்னார். இளையராஜாவின் மெட்டுக்குத் தாம் எங்கும் எழுந்து நின்று வணங்குவதாகவும், அவரே பாடுவதை மட்டும் தம்மால் கேட்க முடியவில்லை என்றும் காரணம் சொன்னார். பின்னால் உட்கார்ந்திருந்த பெரியம்மா, பாட்டை மாற்றினால் தாம் தேனியில் இறங்கிப் பேருந்து பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் பிறந்தது கம்பம் பள்ளத்தாக்கில். இளையராஜாவின் சொந்த ஊரான பண்ணைப்புரம் அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தக் குரலில் தம் அண்ணன்மார் வயல்வரப்பில் பேசுவது கேட்கிறது என்பார்.

பாட்டை நிறுத்தவில்லை, ஒலியைக் குறைத்தோம். உசிலம்பட்டி வரும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

என் நினைவு தெரிந்த நாள் முதல் எங்கள் குடும்பத்தில் இந்த வழக்கு நடந்துவருகிறது. எஸ்.பி.பி.யா யேசுதாஸா என்ற பேச்சு எழும்போது இரண்டு பக்கத்தாரும் மற்றவருடைய பாடகரை மதித்தே பேசுவார்கள். ராஜாவின் குரலென்று வந்தால் அந்த மதிப்பு இருப்பதில்லை. ஒருவருக்கு உயிர், மற்றவருக்கு எரிச்சல். நான் பெரியம்மா பக்கம். ஆனாலும் ஏன் அந்தப் பக்கம் நிற்கிறேன் என்று இதுவரை தெளிவாக எழுதிப் பார்த்ததில்லை. அடுத்த சில நாட்கள் பாடல்களை ஒவ்வொன்றாகக் கேட்டு இங்கே எழுதிவைக்கப் போகிறேன்.

27 மே 2025, செவ்வாய்

சித்தப்பா முப்பது ஆண்டுகள் பள்ளியில் இசை கற்பித்தவர். அவர் சொல்வதை ரசனைக் குறைவு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை; ஆகவே இன்று மாலை அவர் வீட்டுக்கே போய், குறை எதுவென்று விளக்கமாகச் சொல்லும்படி கேட்டேன்.

சுருதி பிசகுகிறது என்று அவர் சொல்லவில்லை. ‘ஜனனி ஜனனி’ கல்யாணி ராகத்தில் அமைந்தது. அதில் அந்த ராகத்துக்குரிய ‘ம’ சுரமான பிரதி மத்யமம் நிற்கவேண்டிய இடத்தில் அப்பழுக்கில்லாமல் நிற்கிறது என்பதை அவரே பாடிக்காட்டி ஒப்புக்கொண்டார். அவருடைய குறை நாதத்தைப் பற்றியது. ஒலி நெஞ்சிலிருந்து திறந்து வராமல் தொண்டையில் இறுக்கப்பட்டு மூக்கின் வழியே பாதி வெளியேறுகிறது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது மெலிந்து பிசிறடிக்கிறது. ஒரு சுரத்தை நீட்டி நிறுத்தும் கார்வையில் ஒரே கனத்தில் நிற்பதில்லை. ஒரு மாணவன் இப்படிப் பாடியிருந்தால் அகாரத்தில், அதாவது ‘ஆ’ என்று மட்டும் பாடி, சாதகம் செய்யச் சொல்லி ஆறு மாதம் திருப்பி அனுப்பியிருப்பேன் என்றார். சாரீரம் என்னும் குரல்வளம் ஒருவருக்குக் கிடைத்த கொடை, அது குறைந்தவர் மீது குற்றமில்லை, ஆனால் எஸ். ஜானகியும் எஸ்.பி.பி.யும் யேசுதாஸும் மலேசியா வாசுதேவனும் கூப்பிட்டால் வந்து நிற்கும் நிலையில் இருந்த ஒருவர் தாமே ஏன் ஒலிவாங்கியின் முன் போய் நிற்கவேண்டும் என்பதுதான் அவர் கேள்வி.

இந்தக் கேள்வியின் நியாயத்தை நான் உணர்கிறேன். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது அதில் எஸ். ஜானகியும் டி.எம்.எஸ்.ஸும் பி. சுசீலாவும் பாடினார்கள், அறிமுக இசையமைப்பாளர் பாடவில்லை. அதற்கடுத்த ஆண்டு ‘16 வயதினிலே’ படத்தில் ‘சோளம் விதைக்கையிலே’ அவர் குரலில் வந்தது. சிறுவயதில் தம் அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிகளில் அவர் பெண் குரலில் பாடிக்கொண்டிருந்தவர். குரல் உடைந்ததும் அதை விடவேண்டி வந்தது. பாட்டுக்காரனாக வளர்ந்து, குரலை இழந்து, வாத்தியத்துக்கும் மெட்டுக்கும் போய், பிறகு வேறொரு குரலோடு பாட்டுக்குத் திரும்பியவர் அவர். சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். வரலாறு காதில் விழாது, நாதம்தான் விழும் என்று பதில் வந்தது.

30 மே 2025, வெள்ளி

மூன்று இரவுகளாகப் பழைய ஜோடிப்பாடல்களைக் கேட்கிறேன். கேட்கக் கேட்க ஒன்று புலப்படுகிறது. நம் திரையிசையில் பின்னணிப் பாடகரின் வேலை என்பது தம் குரலை வேறொருவர் முகத்துக்குக் கடன் கொடுப்பது. எஸ்.பி.பி. அதில் கைதேர்ந்தவர், அவர் பாடும்போது திரையில் இருப்பவரே பாடுவதாக நம்பிவிடுகிறோம். ராஜாவின் குரல் அப்படிக் கைமாறுவதில்லை. யார் வாயசைத்தாலும் அது இளையராஜாவின் குரலாகவே இருந்துவிடுகிறது. ‘பகல் நிலவு’ படத்தில் முரளியும் ரேவதியும் வரும் ‘பூமாலையே’ பாட்டைப் படமாகப் பார்த்தபோது, ஒல்லியான அந்த இளைஞனின் முகமும் இந்தக் குரலும் ஒட்டவில்லை என்று எதிர்த்தரப்பு சொல்வதை என்னால் மறுக்க இயலவில்லை.

ஆனால் அதே பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கதை வேறு. அதில் ஆண் குரலும் பெண் குரலும் மாறிமாறிப் பாடுவதோடு நிற்காமல், ஒரே நேரத்தில் இரு வேறு வரிகளை இரு வேறு போக்கில் பாடி ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஜானகியின் குரல் நூல் பிடித்தாற்போல் செல்கிறது. ராஜாவின் குரல் சொரசொரப்பாக அதன் அடியில் ஓடுகிறது. இரண்டும் மெருகேறிய குரல்களாக இருந்திருந்தால் வரிகள் ஒன்றில் ஒன்று கரைந்து, எது எவருடையது என்று காது தடுமாறியிருக்கும் என்று நினைக்கிறேன். நிறம் வேறு வேறாக இருப்பதால்தான் பின்னலின் இரண்டு இழைகளும் தனித்தனியே தெரிகின்றன. அவர் தெரிந்தே தம் குரலை அங்கே வைத்தாரா என்று நான் வாதாட வரவில்லை. என் காதுக்குக் கிடைக்கும் பலன் இது.

கடன் கொடுக்காத குரல் என்று மேலே எழுதியதை ‘அவதாரம்’ வந்து அசைத்துவிட்டது. 1995இல் நாசர் இயக்கி நடித்த அந்தப் படத்தில், பார்வையற்ற பெண்ணிடம் ஒரு கூத்துக்கலைஞன் வண்ணங்களைப் பற்றிப் பாடும் ‘தென்றல் வந்து தீண்டும்போது’ இருக்கிறதே, அங்கே முகமும் குரலும் இம்மியும் பிரியவில்லை. வெள்ளந்தியான அந்த மனிதனுக்கு மெருகேறிய குரலைப் பொருத்திப் பார்க்கவே என்னால் முடியவில்லை. ‘கடலோரக் கவிதைகள்’ படத்தின் ‘அடி ஆத்தாடி’யிலும் அப்படித்தான், கரடுமுரடான அந்தச் சின்னப்பதாஸுக்குள் முதன்முதலாகக் காதல் புகும்போது தொண்டை இப்படித்தான் அடைத்துக்கொள்ளும். அப்படியானால் இந்தக் குரலும் கடன் கொடுக்கிறது, எல்லோருக்கும் அல்ல, தன் சாயலுள்ளவர்களுக்கு மட்டும். படிப்பும் பகட்டும் இல்லாத, சொல்லத் தெரியாமல் தவிக்கிற ஆண்களுக்கு அது பொருந்துகிறது. நகரத்துக் காதலனுக்குப் பொருந்துவதில்லை. எங்கள் வீட்டு வழக்கில் பாதி, இரு தரப்பும் வெவ்வேறு பாடல்களை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவதால் வருவதென்று இப்போது தோன்றுகிறது.

2 ஜூன் 2025, திங்கள்

இன்று ராஜாவின் பிறந்தநாள் கொண்டாட்டம். அவர் பிறந்தது ஜூன் 3 என்றாலும், அது கலைஞர் கருணாநிதியின் பிறந்தநாள் என்பதால் தம் கொண்டாட்டத்தை ஒருநாள் முன்னதாக வைத்துக்கொண்டவர். 82 வயதாகிறது. மார்ச் 8ஆம் தேதி லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றி வந்திருக்கிறார்.

மகளுக்கு இருபது வயது. அவளுக்கு இந்தக் குரல் அறிமுகமானது அண்மைக்கால மேடைக் கச்சேரிகளின் காணொளித் துண்டுகள் வழியாக. அவற்றில் தொண்டை இன்னும் கரகரத்து, மூச்சு சீக்கிரம் தீர்ந்து, பழைய பதிவில் எட்டிய சுரத்தைச் சில இடங்களில் எட்டமுடியாமல் வளைத்துக்கொண்டு போகிறார். அவளோடு படிப்பவர்களில் சிலர் இதைக் கேலி செய்கிறார்களாம். அவளுக்கு அது வருத்தம், எனக்குக் கோபம். வயதின் பிசிறையும் இயல்பான பிசிறையும் ஒன்றாக்கி, ‘இவர் எப்போதுமே இப்படித்தான்’ என்று தீர்ப்பெழுதுவது நேர்மையல்ல. ‘மெட்டி’ படத்தில் ‘மெட்டி ஒலி காற்றோடு’ பாடிய 1982ஆம் ஆண்டுக் குரலை அவளுக்குப் போட்டுக்காட்டினேன். இது வேறொருவரா என்று கேட்டாள்.

5 ஜூன் 2025, வியாழன்

இத்தனை நாள் சுற்றிச்சுற்றி வந்தது இன்றைக்கு எழுதப்போவதற்காகத்தான் போலிருக்கிறது.

ராஜா மெட்டமைத்துப் பாடியது மட்டுமன்றிச் சொற்களையும் தாமே எழுதிய பாடல்கள் உண்டு. ‘நாயகன்’ படத்தில் ‘நிலா அது வானத்து மேலே’ அப்படிப்பட்டது. ‘இதயக் கோவில்’ படத்தின் ‘இதயம் ஒரு கோவில்’ பாட்டை எழுதியவரும் அவரே, அதை எஸ்.பி.பி. தனியாகப் பாடிய வடிவமும், ராஜாவும் ஜானகியும் பாடிய வடிவமும் இருக்கின்றன. படத்தின் நாயகன் மேடைப் பாடகன், ஆகவே எஸ்.பி.பி.யின் வடிவம் மேடைக்குரியது. ஆயிரம் பேர் கேட்கிறார்கள் என்ற உணர்வு அந்தக் குரலில் நிமிர்ந்து நிற்கிறது. இந்த ஒன்றில் நான் எஸ்.பி.பி. பக்கமே சாய்கிறேன், பெரியம்மாவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார்.

‘பிச்சைப் பாத்திரம் ஏந்தி வந்தேன்’ பாட்டில் நான் சாய்வது மறுபக்கம். ரமண மகரிஷியைப் போற்றி ராஜா வெளியிட்ட ‘ரமண மாலை’ தொகுப்பில் அவரே எழுதிப் பாடியது அது. பிறகு 2009இல் பாலாவின் ‘நான் கடவுள்’ படத்தில் மது பாலகிருஷ்ணன் குரலில் ஒலித்தது. படத்தின் வழியாக வந்த வடிவமே பெரும்பாலோருக்குத் தெரியும், அதையே அவர்கள் விரும்புகிறார்கள். மது பாலகிருஷ்ணனின் குரல் அடிவயிற்றிலிருந்து எழுந்து, அகன்று, ஒரு கோயில் மண்டபத்தையே நிறைப்பது. சித்தப்பா கேட்கும் குணமெல்லாம் அதில் இருக்கின்றன. உடல் ஊனமுற்ற பிச்சைக்காரர்களின் மீது அந்தப் பாட்டு விரியும்போது, உலகம் மதிக்காத அவர்களுக்கு அந்தக் கனத்த குரல் ஒரு மாண்பைக் கொடுக்கிறது. படத்துக்கு அது சரியான தேர்வு என்றே நினைக்கிறேன்.

பாட்டு என்ன சொல்கிறது என்று பார்க்கவேண்டும். எலும்பும் சதையும் நரம்பும் குருதியும் அடங்கிய இந்த உடம்புதான் பிச்சைப் பாத்திரம். அதை ஏந்திக்கொண்டு ஐயன் வாசலில் வந்து நிற்கிறேன் என்கிறது. குரல் உடம்பைச் சேர்ந்தது. தொண்டையும் அந்தப் பாத்திரத்தின் ஒரு பகுதிதான். மது பாலகிருஷ்ணன் பாடும்போது பாத்திரம் நிறைந்திருக்கிறது, தளும்புகிறது. நிறைந்த பாத்திரத்தோடு ஒருவர் கேட்கும்போது எனக்குக் கேட்பவரின் பெருமை தெரிகிறதே தவிர, இல்லாமை தெரியவில்லை. ராஜா பாடும்போது விளிம்பு நெளிந்திருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. ‘ஐயனே’ என்று விளிக்கும் இடத்தில் அவர் குரல் சற்றே மெலிகிறது. சித்தப்பா குறையென்று சொன்ன அதே மெலிவுதான். அந்த இடத்தில் மெலியாத தொண்டையால் எதையும் யாசிக்க முடியுமா என்று இன்றிரவு என்னையே பலமுறை கேட்டுக்கொண்டேன்.

2005இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவை வைத்துத் திருவாசகத்தை அவர் பதிவுசெய்தபோதும் இதே முறையீடு எழுந்தது நினைவிருக்கிறது. அவ்வளவு பெரிய இசைக்குழுவின் முன்னே இந்தச் சிறிய குரலா என்று கேட்டார்கள். மாணிக்கவாசகர் தம்மை ‘நாயிற் கடையாய்க் கிடந்த’ அடியேன் என்று சொல்லிக்கொண்டவர். அத்தனை வயலின்களும் எழும்பி நிற்க, நடுவே ஒரு கிராமத்து மனிதரின் இறுகிய தொண்டை தனியாக நின்று கேட்கிறது. பிரம்மாண்டத்துக்கு ஈடுகொடுக்கும் குரலொன்று பாடியிருந்தால் அந்தச் சிறுமை எனக்குக் கேட்டிருக்காது. சித்தப்பா சொல்லும் நாதக்குறை உண்மை. அந்தக் குறையோடு மட்டுமே சொல்லக்கூடிய சில சொற்களை அவர் எழுதியிருக்கிறார், தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதும் உண்மை. இதைச் சொல்வதற்காகப் பெரியம்மாவைப்போல ‘அது நம்ம ஊர்க் குரல்’ என்று அரணெழுப்பவோ, குரலே அருமையான குரல் என்று சாதிக்கவோ எனக்குத் தேவையில்லை.

8 ஜூன் 2025, ஞாயிறு

காலையில் ‘பிச்சைப் பாத்திரம்’ பாட்டின் இரண்டு வடிவங்களையும் ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். வியாழக்கிழமை எழுதியதை வாசித்துக் காட்டவில்லை. முதலில் படத்திலுள்ளதையும் பிறகு ‘ரமண மாலை’யில் உள்ளதையும் போட்டேன். முதல் பாட்டுக்குத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், முடிந்ததும் ‘ஆகா’ என்றார். இரண்டாவதில் சரணம் வந்தபோது கை நின்றிருந்தது. முடிந்த பின் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

நாதம் பற்றாது என்ற தம் கருத்தில் மாற்றமில்லை என்றார். ‘ஐயனே’ என்ற இடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார். போட்டேன். மெலிவது அடுத்த சுரத்தைத் தொட முடியாமலா, அல்லது தொட்ட பிறகு வேண்டுமென்றே விடுவதா என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான்காவது முறை கேட்டபோது சித்தி காபி கொண்டுவந்து வைத்தார். அதைத் தொடாமல், உள்ளே போய்ச் சுருதிப் பெட்டியை எடுத்துவரும்படி சித்தப்பா என்னிடம் சொன்னார்.