கேள்வி கேட்பவரே பதிலையும் எடுக்கட்டும்

பல ஆண்டுகளாகத் தரவுத்தளங்களோடு வேலை பார்க்கிறேன். அதில் பெரும்பகுதி நேரம் பிறருக்குப் பட்டியல் எடுத்துக் கொடுப்பதிலேயே கழிந்தது. "போன காலாண்டில் வாங்கிவிட்டு இந்தக் காலாண்டில் வாங்காத வாடிக்கையாளர்கள் யார் யார்?" என்று விற்பனைப் பிரிவிலிருந்து மின்னஞ்சல் வரும். கையில் இருக்கும் வேலையை முடித்து, வினவலை (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை) எழுதி, எக்செல் கோப்பாக அனுப்புவதற்குள் மூன்று நாள் ஆகிவிடும். கோப்பைத் திறந்து பார்க்கும்போதுதான் கேட்டவருக்கு அடுத்த கேள்வி பிறக்கும்: இவர்களில் எத்தனை பேர் பொருளைத் திருப்பி அனுப்பியவர்கள்? அதற்கு இன்னும் மூன்று நாள். இப்படி இரண்டு முறை காத்திருந்தவர் மூன்றாவது கேள்வியைக் கேட்பதே இல்லை. வணிகப் பயனர்கள் உலாவியைத் திறந்து தங்களுக்கு வேண்டிய தரவைத் தாங்களே எடுத்துக்கொள்ள வழி வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், அந்தக் கேட்கப்படாத மூன்றாவது கேள்விதான்.

இது புதிய ஆசையும் அல்ல. தரவை ஒன்றோடொன்று இணைக்கத்தக்க அட்டவணைகளாக வைக்கும் உறவுமுறைத் தரவு மாதிரியைக் கணினி அறிவியலாளர் எட்கர் காட் 1970இல் முன்வைத்தபின், 1974இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் சேம்பர்லினும் பாய்ஸும் சீக்வெல் என்ற வினவல் மொழியை அறிமுகப்படுத்திய கட்டுரையிலேயே, கணினி வல்லுநர்கள் அல்லாத கணக்காளர்களும் பொறியாளர்களும் நகரத் திட்டமிடுபவர்களும் அதைப் பயன்படுத்தக்கூடும் என்று எதிர்பார்த்தார்கள். அந்த மொழிதான் பின்னர் எஸ்கியூஎல் ஆனது. ஆனால் அது பெரும்பாலும் நிரலாளர்களின் கைக்கே போய்ச் சேர்ந்தது. இன்று மெட்டாபேஸ், சூப்பர்செட் போன்ற திறமூலக் கருவிகளை ஒரு சர்வரில் நிறுவிவிட்டால், அட்டவணையைத் தேர்ந்தெடுத்து, வடிகட்டி, தொகுத்து, வரைபடமாக்கும் வேலையை ஒரு வரி நிரல்கூட எழுதாமல் செய்யலாம்.

நிறுவுவது எளிது என்பதாலேயே பலர் அத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன். தரவுத்தளத்தின் அட்டவணைகள் அனைத்தையும் அப்படியே திறந்துவிட்டேன். ஒரே மாதத்தில், ஒரு கூட்டத்துக்கு இரண்டு பிரிவினர் இரண்டு வேறு விற்பனைத் தொகைகளைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் ஆர்டர் தேதியை எடுத்திருந்தார், மற்றவர் பில் தேதியை எடுத்திருந்தார். இருவரின் கணக்கிலும் பிழை இல்லை. "விற்பனை" என்ற சொல்லுக்கு நாங்கள் பொருள் எழுதி வைக்காததுதான் பிழை.

இதைவிட ஆபத்தானது, பார்வைக்குச் சரியாகத் தெரியும் தவறான கூட்டுத்தொகை. 1,000 மதிப்புள்ள ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. பணம் இரண்டு தவணைகளில் வந்திருக்கிறது. ஆர்டர், பொருள், பணம் செலுத்தல் என்ற மூன்று அட்டவணைகளையும் ஆர்டர் எண்ணைக் கொண்டு இணைத்தால் அந்த ஓர் ஆர்டர் ஆறு வரிசைகளாகப் பெருகும். ஆர்டர் மதிப்பைக் கூட்டினால் 6,000 வரும். பிழைச் செய்தி எதுவும் திரையில் தோன்றாது. விவரம் தெரிந்த சிலர் "தனித்த மதிப்புகளை மட்டும் கூட்டு" என்று கேட்டுப் பார்ப்பார்கள். அப்போது 1,000 மதிப்புள்ள வேறோர் ஆர்டர் இருந்தால் அதுவும் இதனுடன் சேர்ந்து ஒன்றாகிவிடும், தொகை இம்முறை குறைவாக வரும். ஒவ்வோர் அட்டவணையையும் முதலில் ஆர்டர் அளவில் சுருக்கிக் கூட்டிவிட்டு, அதன்பிறகு இணைப்பதே சரியான வழி. இதை ஒவ்வொரு பயனரும் கற்றுத் தேற வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. தரவைப் பராமரிப்பவர் ஒரு முறை சரியாகச் செய்து, "ஆர்டர் மதிப்பு", "வசூலான தொகை" என்று பெயரிட்டு வைக்க வேண்டும். 1990இல் தொடங்கப்பட்ட பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ் நிறுவனம் தன் மென்பொருளில் "யூனிவர்ஸ்" என்ற பெயரில் இத்தகைய, சொற்களுக்கு அர்த்தம் வகுக்கும் அடுக்கைத்தான் வைத்திருந்தது. அட்டவணைகளுக்கும் பயனருக்கும் நடுவில் நிற்கும் அந்த அடுக்கு இல்லாத சுயசேவையை நான் இனி யாருக்கும் திறந்துவிட மாட்டேன்.

தேதியும் இப்படித்தான் ஏமாற்றும். "மார்ச் 1 முதல் மார்ச் 31 வரை" என்று பயனர் கேட்கிறார். தேதி இருக்கும் புலத்தில் (அட்டவணையின் நெடுவரிசையில்) நேரமும் சேர்ந்திருந்தால், வினவல் 31ஆம் தேதி நள்ளிரவு தொடங்கும் கணத்தோடு நின்றுவிடக்கூடும், அன்றைய முழுநாள் விற்பனையும் விடுபட்டுப் போகும். "ஏப்ரல் 1க்கு முன்" என்று எல்லையை அமைத்தால் இந்தச் சிக்கல் வராது. வெற்றாக விடப்பட்ட புலங்களும் அவ்வாறே: "வகை சில்லறை அல்ல" என்று வடிகட்டினால், வகையே குறிக்கப்படாத வரிசைகள் எஸ்கியூஎல் விதிப்படி சேராமல் போகும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை என் நடைமுறை சுருக்கமானது. அறிக்கைக் கருவியை முதன்மைத் தரவுத்தளத்தோடு இணைப்பதில்லை, அதன் நகலோடுதான் இணைக்கிறேன்; படிக்க மட்டுமே உரிமையுள்ள கணக்கைக் கொடுக்கிறேன்; வினவலுக்குக் கால வரம்பு வைக்கிறேன். நான் பயன்படுத்தும் போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் இந்த வரம்பு இயல்பாக இருக்காது, நாமே அமைக்க வேண்டும். யார் எந்த வரிசைகளைப் பார்க்கலாம் என்பதை அதன் 9.5 பதிப்பிலிருந்து தரவுத்தளத்திலேயே விதியாக எழுதிவிடலாம். முழுத் தரவையும் எக்செலுக்கு இறக்கிக்கொள்ள விரும்புபவர்களிடம் மட்டும், ஒரு தாளில் 10,48,576 வரிசைகளுக்கு மேல் நிற்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கணக்குப் பிரிவில் ஒருவர், முன்பு மாதக் கடைசியில் என்னிடம் நான்கு அறிக்கைகள் கேட்பவர், இப்போது அவற்றைத் தாமே அமைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மாற்றியும் கொள்கிறார். அவரிடமிருந்து எனக்கு மின்னஞ்சல் வருவது நிற்கவில்லை. கடைசியாக வந்ததில் இப்படிக் கேட்டிருந்தார்: "வசூலான தொகையில் திருப்பிக் கொடுத்த பணம் கழிக்கப்பட்டிருக்கிறதா? விளக்கத்தில் அது இல்லையே." அவர் சொன்னது சரிதான். கழிக்கப்பட்டிருந்தது, ஆனால் நான் எழுதி வைக்கவில்லை, அன்றே சேர்த்தேன்.