கண்ணாடி கொண்டு வரவில்லை

பெரியவர்களுக்கு வேதபாட வகுப்பு, அதாவது பைபிள் வகுப்பு, எடுக்க முடியுமா என்று எங்கள் சேகரத்து ஐயர் கேட்டபோது உடனே சரி என்றேன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சபைப் போதகரை ஐயர் என்றும் சர்ச்சைக் கோயில் என்றும்தான் சொல்வோம். ஒன்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளியில், அதாவது பிள்ளைகளுக்கான ஞாயிறு வகுப்பில், பாடம் எடுத்த அனுபவம் இருந்தது. திருநெல்வேலிக்குத் தெற்கே, பனங்காடுகளுக்கு நடுவில் உள்ள ஊர் எங்களுடையது. கோயில் மணி அடித்தால் மாலை ஜெபத்துக்கு வந்துவிடுகிற ஜனங்கள். இவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் என்ன கஷ்டம் இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயிலிலேயே வகுப்பு. பைபிளில் பவுல் எழுதிய ரோமர் நிருபத்தை எடுத்துக்கொண்டேன். குறிப்புகளை எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். முதல் வாரம் 34 பேர் வந்தார்கள். ஆறாவது வாரம் 5 பேர்.

ஆளுக்கு ஒரு வசனமாக வாசிக்க வைப்பது என் வழக்கம். ஓய்வுநாள் பள்ளியில் அப்படித்தான் செய்வோம். இரண்டாவது பெஞ்சில் ஒரு அக்கா உட்காருவார். அவர் முறை வந்ததும், "கண்ணாடி கொண்டு வரல டீச்சரம்மா, நீங்களே வாசிச்சிருங்க" என்பார். அடுத்த வாரமும் அதேதான். மூன்றாவது வாரமும் அப்படியே சொன்னார். "அடுத்த வாரம் மறக்காம எடுத்துட்டு வாங்க" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன். நாலாவது வாரம் அவர் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். மடியில் சுளகு. ஊறவைத்த இலையைக் கத்தரியால் அளவாக வெட்டி, தூளை வைத்து உருட்டி, முனையை மடக்கி, மெல்லிய நூலால் ஒரே சுற்றில் கட்டினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் அடுத்த இலை கைக்கு வந்துவிட்டது. அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

நான் பார்த்ததை அவரும் பார்த்தார். இரண்டு பேருமே அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் முகம் எரிந்தது. எழுத்துத் தெரியாத ஒரு மனுஷியை அத்தனை பேருக்கு முன்னால் மூன்று வாரம் பொய் சொல்ல வைத்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு சங்கீதம் சொல்லட்டுமா?" என்று அவராகவே கேட்டார். "உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன்" என்று ஆரம்பித்து, பைபிளின் ஜெபப் பாடல்களில் ஒன்றான 91-ஆம் சங்கீதத்தின் 16 வசனங்களையும் ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். கை நிற்கவே இல்லை. சின்ன வயதிலிருந்து மாலை ஜெபத்தில் கேட்டுக் கேட்டு மனதில் ஏறியது.

அந்தத் திண்ணையே அப்புறம் வகுப்பு ஆனது. செவ்வாய்க்கிழமை மூன்று மணி. அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டுப் பத்துப் பேர் அவரவர் சுளகோடு வந்து உட்காருவார்கள். ஆயிரம் சுற்றினால் இவ்வளவு கூலி என்று கணக்கு. ஒரு மணி நேரம் கை சும்மா இருந்தால் அந்த அளவுக்குக் கூலி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காரச் சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன் என்பது அங்கேதான் புரிந்தது. திண்ணையில் யாரையும் வாசிக்கச் சொல்வதில்லை. நான் மெதுவாக இரண்டு தடவை வாசிப்பேன், அப்புறம் சும்மா இருப்பேன். சும்மா இருக்கப் பழகுவதற்குத்தான் ரொம்ப நாள் ஆனது.

ஒரு நாள் மத்தேயு சுவிசேஷம் 20-ஆம் அதிகாரம், இயேசு சொன்ன உவமை. திராட்சத் தோட்டத்துக்காரன் விடியற்காலையில் ஆட்களைக் கூப்பிட்டு, நாளொன்றுக்கு ஒரு பணம் என்று பேசி அனுப்புகிறான். பதினோராம் மணி வேளையிலும் ஆட்களைக் கூப்பிடுகிறான். கடைசியில் எல்லாருக்கும் ஒரே கூலி. தகுதி பார்க்காமல் தேவன் கொடுக்கிற கிருபையைப் பற்றிப் பேச நான் தயாராக வந்திருந்தேன். அதற்குள் ஒரு அம்மா குறுக்கிட்டார்: "பதினோரு மணிக்கு வந்தாலும் பாதி நாள் வேலை செஞ்சிருப்பானே. ஒரு மணி நேரம்தான் செஞ்சான்னு எப்படிச் சொல்லுதாங்க?"

அவர் காலை பதினோரு மணி என்று நினைத்திருந்தார். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அந்தக் காலத்து யூதர்கள் சூரிய உதயத்திலிருந்து மணியை எண்ணுவார்கள் என்று சொன்னேன். மூன்றாம் மணி என்றால் நம்முடைய காலை ஒன்பது. ஆறாம் மணி உச்சி வேளை. பதினோராம் மணி சாயங்காலம் ஐந்து. வேலை முடிய ஒரு மணி நேரம்தான் பாக்கி.

திண்ணையில் கொஞ்ச நேரம் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதே அம்மா கேட்டார்: "அப்போ இயேசுசாமி ஒன்பதாம் மணியில ஜீவனை விட்டார்னா, அது மத்தியானம் மூணு மணியா? அதான் பெரிய வெள்ளிக்கிழமை பன்னெண்டுலருந்து மூணு வரைக்கும் கோயில்ல இருக்கோமா?"

நாற்பது வருஷமாக அந்த மூன்று மணி நேரம் உபவாசத்தோடு உட்கார்ந்தவர். ஏன் அந்த நேரம் என்று யாரும் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை. இப்போது அவரே கண்டுபிடித்துவிட்டார். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் மறக்க முடியாது.

கூலியைப் பற்றியும் அன்றைக்குச் சண்டைதான். வெயிலில் நின்றவனுக்கும் பிந்தி வந்தவனுக்கும் ஒரே கூலி என்றால் எந்த ஊர் நியாயம் என்று கேட்டார்கள். அதுவரை பேசாமல் நூல் சுற்றிக்கொண்டிருந்த அந்தக் கண்ணாடி அக்கா சொன்னார்: "ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடலன்னா அவன் என்ன செய்வான்? அவன் வீட்டுலயும் உலை வைக்கணும்லா." கிருபையைப் பற்றி நான் எழுதிவந்த குறிப்பு பைக்குள்ளேயே இருந்துவிட்டது.

பெரியவர்களுக்குப் போதிப்பது நம் பக்கத்தில் புதிது ஒன்றுமில்லை. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு, அதாவது தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்கு, வந்த பிரான்சிஸ் சவேரியார், ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து ஜனங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். அவருக்குப் பின் புன்னைக்காயலில் இருந்த அன்றீக்கே அன்றீக்கசு பாதிரியார் தந்த தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் அச்சானது. அடுத்த வருஷம் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம். தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகங்கள் விசுவாசத்தின் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுக்கிற ஞானோபதேசப் புத்தகங்கள்தான் என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம் உண்டு. ஜெர்மனியில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தை, 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தமிழாக்கினார். அதில் ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் இதற்கு அர்த்தம் என்ன என்ற கேள்வி வரும். நல்ல கேள்வி. ஆனால் அந்தப் புத்தகங்களில் கேள்வி, பதில் இரண்டும் முன்னாலேயே எழுதப்பட்டிருக்கும். ஜனங்கள் பதிலை மனப்பாடம் செய்தால் போதும். நாமும் கேள்வியை நம் கையிலேயே வைத்துக்கொண்டுதான் பழகியிருக்கிறோம். அவர்கள் கையில் அது வந்தால் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதைத் திண்ணையில்தான் பார்த்தேன்.

ஆண்களுக்குச் சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு, கோயில் வராந்தாவில். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற ஒரு அண்ணாச்சி முதல் மாதம் முழுக்க வாயே திறக்கவில்லை. ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்கிற விசுவாச அறிக்கையைப் பற்றி ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "விசுவாசப் பிரமாணத்துல வாரா வாரம் பொந்தியு பிலாத்து பேரைச் சொல்லுதோம். பேதுரு பேரு இல்ல, பவுல் பேரு இல்ல. தீர்ப்பு சொன்னவன் பேரை எதுக்குச் சொல்லணும்?"

பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவில் ரோம அதிகாரியாக இருந்தவன். 1961-இல் அந்த நாட்டுக் கடற்கரை ஊரான செசரியாவில் அவன் பெயர் பொறித்த கல்வெட்டே கிடைத்தது. இயேசு பாடுபட்டது ஏதோ ஒரு காலத்தில் நடந்த கதை இல்லை, இன்ன அதிகாரி இருந்த காலத்தில், இன்ன நாட்டில் நடந்தது என்று சபை அடித்துச் சொல்வதற்குத்தான் அந்தப் பெயர். இதைச் சொன்னதும் அண்ணாச்சி, "பத்திரத்துல தேதி போடுத மாதிரி" என்றார். இப்போது நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

எல்லாக் கேள்விக்கும் அப்படிப் பதில் இருக்காது. இருபத்திரண்டு வயது மகனை பைக் விபத்தில் பறிகொடுத்த ஒருவர் அந்த வகுப்புக்கு வருவார். ஆஸ்பத்திரி வராந்தாவில் சபையே முழங்காலில் நின்று ஜெபித்த பையன். ஒரு ராத்திரி அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "கேட்கலையா டீச்சர் அவருக்கு?" என்றார். பக்கத்தில் இருந்தவர் அவசரமாக, தேவசித்தம் என்று ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். எனக்கும் பதில் தெரியாது. அதை அப்படியே சொன்னேன். பிறகு 88-ஆம் சங்கீதத்தை எடுத்து வாசித்தேன். புலம்பலில் ஆரம்பிக்கிற மற்ற சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. நண்பனும் தோழனும் விலகிப்போன நிலையிலேயே முடிந்துவிடும்.

"இது வேதத்துலயா இருக்கு?" என்றார். இருக்கிறது என்று பக்கத்தைக் காட்டினேன். பேனா வாங்கி உள்ளங்கையில் 88 என்று எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த சனிக்கிழமை கூடவே ஒருவரைக் கூட்டி வந்தார். பக்கத்து ஊர்க்காரர், முந்தின வருஷம் மனைவியை இழந்தவர். இரண்டு பேரும் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். அன்றைக்கு நான் யாக்கோபு நிருபத்துக்குத் தயாராக வந்திருந்தேன்.

"அதை அடுத்த வாரம் பார்க்கலாம் டீச்சர்" என்றார் அவர். "அந்த 88-ஐ வாசிங்க. இவரும் கேட்கட்டும்."