ஓர்பாள் செய்தது பிழையா?

டிசம்பர் 31ஆம் திகதி இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது எங்கள் சபையில் வாக்குத்தத்த வசன அட்டையோடு ஒரு வருட வேதவாசிப்பு அட்டவணையும் கையில் தருவார்கள். வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குடியிருப்பில் இருக்கிற இரண்டு மூன்று கிறிஸ்தவ வீடுகளிலும் அது பிரிட்ஜ் கதவில் ஏறிவிடும். கணக்கு சுலபமானதுதான். பைபிளில் மொத்தம் 1189 அதிகாரங்கள். கிழமை நாட்களில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் வருடத்துக்குள் முடித்துவிடலாம். ஆனால் முதல் இரண்டு புத்தகங்களில் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. தை மாதக் கடைசியில் லேவியராகமம் வந்து நிற்கும். பலிகளும் குஷ்டரோகச் சட்டங்களும் தொடங்குகிற நேரத்தில் பிள்ளைகளுக்கு ரியூசனும் தொடங்கியிருக்கும். கொஞ்ச நாளில் அட்டவணை இருந்த இடத்தில் காஸ் கடைக்காரரின் போன் நம்பர் ஒட்டியிருக்கும்.

அட்டவணை கூடாது என்று நான் சொல்லவில்லை. தனியாக வாசிப்பவருக்கு அது நல்ல துணை. இன்றைக்கும் பலர் பாவிக்கிற ஒரு அட்டவணை ஸ்கொட்லாந்தின் டண்டி நகரத்துப் போதகர் ரொபர்ட் மரே மெக்செயின் 1842இல் தன் சபைக்கு எழுதிக்கொடுத்தது. ஒரு நாளைக்கு நான்கு அதிகாரம்: இரண்டு குடும்பமாக, இரண்டு தனியாக. பழைய ஏற்பாடு வருடத்துக்கு ஒரு தடவை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவை முடியும். எனக்கு அந்த மனிதரில் பிடித்தது வேறொன்று. நன்மைகளைச் சொல்வதற்கு முன்பே ஆபத்துகளைச் சொல்லிவிட்டார். வெறும் சடங்காகிவிடும், வாசித்துவிட்டோம் என்ற பெருமை வரும், கவனமில்லாமல் ஓடுவோம், சிலருக்குச் சுமக்க முடியாத பாரமாகும். எங்கள் சபையில் அட்டவணை கொடுக்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை!

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். காலையில் வைக்கச் சொல்பவர்கள் கொழும்பில் ஸ்கூல் வானுக்குப் பிள்ளையை ஏற்றிவிட்டவர்களாக இருக்க முடியாது. மாமி, இவர், ஓ.எல். எழுதப்போகிற மகள், ஏழாம் ஆண்டு படிக்கிற மகன், நான். ஒரு கீர்த்தனையில் ஒரு சரணம், வேதப்பகுதி, ஜெபம். பதினைந்து நிமிடத்துக்கு மேல் போனால் மகன் மேசைக்குக் கீழே கால்களால் பந்து விளையாடத் தொடங்குவான். அதனால் வருடத்தில் முழு வேதாகமம் என்ற ஆசையை விட்டுவிட்டு, சின்ன புத்தகங்களாக எடுத்து முழுதாக வாசிக்கிறோம். அதில் ரூத் எங்கள் வீட்டையே கொஞ்சம் ஆட்டிவிட்டது.

நான்கு அதிகாரம், நான்கு இரவு. பெத்லகேமில் பஞ்சம் வந்து எலிமெலேக்கு மனைவி நகோமியையும் இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு மோவாபுக்குப் போகிறார். அங்கே அவர் இறந்துபோகிறார். பையன்கள் ஓர்பாள், ரூத் என்ற மோவாபியப் பெண்களைக் கட்டி, ஏறக்குறைய பத்து வருடத்தில் அவர்களும் இறந்துபோகிறார்கள். நகோமி ஊருக்குத் திரும்பும்போது ஓர்பாள் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள், ரூத் மட்டும் கூடவே போகிறாள். ஊரை விட்டுப் போனவர்களின் கதை எங்கள் மாமிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் வீட்டைப் பூட்டி கொழும்புக்கு வந்தவர், இரண்டு மகள்மாரை ரொறன்ரோவுக்கு அனுப்பியவர்.

ரூத் தன் மாமியிடம், உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம் என்று சொல்லும் இடத்தை மகள் வாசித்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தண்ணீர் குடித்தேன். அந்த நேரம் மகன் கேட்டான்: "அப்பம்மா, அப்போ ஓர்பாள் செய்தது பிழையா?"

ஞாயிறு பாடசாலையில் எனக்குச் சொல்லித்தந்த கதையில் ரூத் நல்லவள், ஓர்பாள் திரும்பிப் போனவள். அவ்வளவுதான். இவரும் அப்படித்தான் ஏதோ தொடங்கினார். மாமி கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"ஏன் பிழை? தாய்வீட்டுக்குப் போங்கோ என்று சொன்னதே நகோமிதானே. மாமியைக் கொஞ்சிப்போட்டு, அழுதழுதுதான் போனவள். திரும்ப வாசி பாப்பம்."

திரும்ப வாசித்தோம். மாமி சொன்னது சரி. செத்துப்போனவர்களுக்கும் எனக்கும் தயை செய்தீர்கள், கர்த்தர் உங்களுக்கும் தயை செய்வாராக என்று நகோமி இரண்டு பேரையும்தான் ஆசீர்வதிக்கிறாள். ஓர்பாளைப் பற்றி ஒரு குறைச்சொல்கூட அந்த அதிகாரத்தில் இல்லை. அன்றைக்கு ஜெபத்தில் மாமி ரொறன்ரோ மகள்மாரின் பெயரை வழக்கத்தைவிட நீளமாகச் சொன்னார்.

இதனால்தான் தியானப் புத்தகத்தை இப்போது கடைசியில் திறக்கிறோம், சில நாள் திறப்பதே இல்லை. அவை நல்ல புத்தகங்கள். ஆனால் வசனத்துக்குக் கீழே அரைப்பக்க விளக்கத்தையும் ஒரு ஜெபத்தையும் அச்சடித்து வைத்திருந்தால், பிள்ளைக்குக் கேட்க என்ன மிச்சம்? கேள்வி முதலில் வரட்டும், விளக்கம் அப்புறம் வரட்டும். பதில் தெரியாவிட்டால் போதகரிடம் கேட்கலாம், அவருக்கும் வேலை வேண்டுமே.

நீதிமொழிகளில் 31 அதிகாரம், திகதிக்கு ஒன்று என்று வாசிக்கச் சொல்வார்கள். அதுவும் வசதிதான். மாதத்தில் ஐந்தாம் திகதியும் ஏழாம் திகதியும் ஆண்களை மயக்குகிற பரஸ்திரீ வருவாள், அதற்கு மட்டும் தயாராக இருங்கள்.

2022இல் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் மாற்கு சுவிசேஷம் வாசித்தோம், 16 அதிகாரம். மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. போன் சார்ஜை மிச்சம் பிடிக்க வேண்டும், டிவி இல்லை, வைஃபை இல்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் மாமியின் பெரிய எழுத்து பைபிள்தான் எல்லாருக்கும். அந்த மாதத்தைப்போல இவர்கள் ஆறுதலாக இருந்து கதைத்ததில்லை. மின்வெட்டை யாரும் ஜெபித்துக் கேட்க மாட்டார்கள், என்றாலும் வாசிக்கிற நேரத்துக்கு போன்களை அடுத்த அறையில் வைக்கும் பழக்கம் அப்போதிருந்து வந்ததுதான்.

இந்தக் கிழமை பெரிய மீன் விழுங்கின யோனாவின் புத்தகம். 48 வசனம்தான். மீனை எதிர்பார்த்து இருந்த மகனுக்கு மீன் சீக்கிரம் முடிந்துபோனதில் ஏமாற்றம். அடுத்து எது என்பதில் இப்போதே இழுபறி. மாமிக்கு 119ஆம் சங்கீதம் வேண்டும், எட்டு எட்டு வசனமாக 22 இரவு. மகனுக்குச் சிம்சோன் வேண்டும். நியாயாதிபதிகள் 13 முதல் 16 வரை, அதுவும் நான்கு இரவுதான். சிம்சோன் வென்றால் அவனை மயக்குகிற தெலீலாள் வருகிற இரவு வாசிப்பும் விளக்கமும் இவருடைய பொறுப்பு என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.