நெல் கொட்டிலில் ஒரு தாய்ச் சுண்டெலி: மாசி நாட்குறிப்பு

2025 பெப்ரவரி 8, சனி

வெட்டு முடிந்து நெல் வீட்டுக்கு வந்துவிட்டது. கிளிநொச்சி உருத்திரபுரத்தில் எங்கள் வளவின் பின்பக்கக் கொட்டிலில் மூட்டைகளை அடுக்கும்போது, பழைய யூரியாப் பை ஒன்றுக்குள் ஏதோ நெளிந்தது. பையை நார் நாராகக் கடித்து, வைக்கோலும் சேர்த்துச் சுருட்டிய கூடு. உள்ளே ஏழு சுண்டெலிக் குஞ்சுகள். மயிர் இல்லை, கண் திறக்கவில்லை. தோல் எவ்வளவு மெல்லியது என்றால், வயிற்றில் ஒரு பக்கமாக வெள்ளைப் பட்டை ஒன்று வெளியே தெரிந்தது. குடித்த பால்.

"கோழிக்குப் போடு உதுகளை" என்றார் அம்மா. விதைநெல்லை நினைத்தால் அவர் சொல்வது நியாயம். டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர் குடித்ததையும் யாரும் மறக்கவில்லை. ஆனாலும் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவளுக்கு இப்படியொன்று கையில் கிடைத்தால் விட மனம் வருமா? கொஞ்சம் தவணை கேட்டேன்.

கையுறை போட்டுக்கொண்டு ஒரு குஞ்சைக் கூட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். வாயைத் திறந்து திறந்து மூடியது, சத்தமே இல்லை. எங்கள் காதுக்கு இல்லை என்பதுதான் சரி. மனிதக் காதின் எல்லை ஏறக்குறைய 20 கிலோஹேர்ட்ஸ். தாயைப் பிரிந்த சுண்டெலிக் குஞ்சு கத்துவது அதற்கும் மிக மேலே, கழியொலியில். வாசலுக்கு வந்து பேசாமல் நின்றேன். மூட்டை இடுக்கால் தாய் வந்தாள். இங்கே அங்கே தேடவில்லை. நேரே போய் முதுகில் கவ்வித் தூக்கிக் கூட்டுக்குள் போட்டாள்.

பெப்ரவரி 9, ஞாயிறு

பகல் பதினொன்றரை போல நாடு முழுக்க மின்சாரம் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாம். அமைச்சரே சொல்லியிருக்கிறார், நம்பாமல் என்ன செய்ய? விசிறி இல்லாத வெக்கையில் திண்ணையில் இருந்து பழைய பாடக்குறிப்புகளைப் புரட்டினேன்.

1996 இல் போஸ்டனில் மைக்கேல் கிரீன்பெர்க்கின் ஆய்வுகூடத்தில், ஃபொஸ்-பி என்ற ஒரேயொரு பரம்பரையலகை (ஜீனை) நீக்கிய சுண்டெலிகளை வளர்த்தார்கள். அவை கருத்தரித்தன, ஈன்றன. பால்சுரப்பியிலும் குறை இல்லை. ஆனால் குஞ்சுகளில் பெரும்பாலானவை ஓரிரு நாளில் செத்தன. பிழை குஞ்சிலா தாயிலா என்று அறிய மாற்றி வைத்தார்கள். நல்ல குஞ்சும் அந்தத் தாயிடம் போனால் செத்தது. அவளுடைய குஞ்சு வேறு தாயிடம் போனால் பிழைத்தது. அந்தத் தாய் குஞ்சுகளை மோந்து பார்ப்பாள். மோந்துவிட்டு விலகிப் போவாள். சிதறிக் கிடப்பவற்றைக் கவ்விச் சேர்ப்பதில்லை, மேலே குனிந்து சூடு கொடுப்பதும் இல்லை. சாதாரண எலியில், குஞ்சுகளோடு இருப்பதே மூளையின் அடியில் ஹைப்போதலமசை ஒட்டிய ஒரு சிறு பகுதியில் இந்த அலகை வேலை செய்ய வைக்கிறது.

தாய்ப்பாசத்தின் பரம்பரையலகு அகப்பட்டுவிட்டது என்று எழுத எவருக்கும் கை துறுதுறுக்கும். மோட்டார் சைக்கிளில் பிளக்கைக் கழற்றினால் வண்டி ஓடாதுதான். அதற்காக ஓட்டமெல்லாம் பிளக்குக்குள் இருக்கிறது என்று ஒரு மெக்கானிக்கும் சொல்லமாட்டான்.

பெப்ரவரி 10, திங்கள்

வகுப்பில் சொன்னதும் ஒரு பெடியன் எழும்பினான். "ரீச்சர், அன்பு ஓமோன் ஒட்சிரோசின் தானே?" முகநூல் படிப்பு. அதே 1996 இல் ஒட்சிரோசின் பரம்பரையலகை நீக்கிய சுண்டெலிகளைப் பற்றியும் முடிவு வந்தது. அவை ஒழுங்காக ஈன்றன, குஞ்சுகளைக் கவனித்தன. பால் மட்டும் இறங்கவில்லை. குஞ்சுகள் முலையைச் சப்பியபடியே பட்டினியில் செத்தன. தாய்க்கு ஒட்சிரோசின் ஊசி போட்டதும் பால் வந்தது. அந்த ஓமோனைப் பிடித்துக்கொள்ளும் வாங்கியை நீக்கிய பின்னாளைய சோதனையில் குஞ்சைத் தூக்கி வருவதிலும் குறை தெரிந்தது. ஆகவே அதற்குப் பங்கே இல்லை என்று சொல்லமுடியாது. முழுப் பட்டமும் அதற்கே என்பதைத்தான் என்னால் ஏற்கமுடியவில்லை.

எனக்கு இன்னும் பிடித்தது 2004 இல் இத்தாலியர்கள் வெளியிட்டது, ஏனென்றால் அங்கே கதை குஞ்சின் பக்கமிருந்து வருகிறது. மூளையில் மோர்பின் போய் ஒட்டும் ஒரு வாங்கி உண்டு. அதற்குரிய பரம்பரையலகு இல்லாத குஞ்சைத் தாயிடமிருந்து பிரித்தால் குறைவாகவே கத்தியது. குளிர வைத்தாலோ ஆண் எலியின் மணத்தைக் காட்டினாலோ மற்றக் குஞ்சுகளைப் போலவே கத்தியது. தொண்டையில் பழுதில்லை, பயமும் இருக்கிறது. தாய் இல்லாதது மட்டும் அதற்கு அவ்வளவாக உறைக்கவில்லை. தாயின் மணத்தைத் தேடிப் போகவும் இல்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

ஒன்றரை மணித்தியால மின்வெட்டு. கூடு காலி. இரவோடு இரவாகக் குஞ்சுகளைக் காவிக்கொண்டு வேறெங்கோ போய்விட்டாள். என் கைவரிசை பிடிக்கவில்லை போலும். அம்மா எல்லா மூட்டையையும் புரட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டார்; இடுப்பு முறிந்தது.

பெப்ரவரி 12, புதன்

போயா (முழுநிலா) விடுமுறை. தங்கச்சியின் மகள் வந்து நின்று அடம்பிடிக்க, "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்றார் அம்மா. பெக்-3 என்ற பரம்பரையலகு நினைவு வந்தது. 1999 இல் கேம்பிரிட்ஜில் கெவர்ன், சுரானி என்ற ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த வேலை. இந்தப் பரம்பரையலகில் தாய்வழிப் பிரதி அடைபட்டிருக்கும். தகப்பன்வழிப் பிரதிதான் வேலை செய்யும். அது பழுதான பெண் சுண்டெலி கூடு கட்டுவதிலும் குஞ்சு பொறுக்குவதிலும் பின்தங்கியது; மூளையில் ஒட்சிரோசின் நரம்புக்கலங்களும் குறைவு. அதாவது அவள் நல்ல தாயாக இருப்பதற்குத் தேவையான ஒன்று அவளுடைய தகப்பனிடமிருந்து வருகிறது. அம்மாவிடம் சொன்னேன். "அப்ப உன்ர குணத்துக்குக் கொப்பரைத்தான் கேக்கவேணும்" என்றார்.

பெப்ரவரி 13, வியாழன்

இன்று வகுப்பில், மொன்ட்ரியலில் ஆய்வாளர் மைக்கேல் மீனி வளர்த்த ஆய்வுகூட எலிகள். சில தாய்கள் குஞ்சை அதிகம் நக்கும், சில குறைவாக. அதிகம் நக்கப்பட்ட குஞ்சு வளர்ந்தபின் லேசில் பதறாது. மூளையில் மன அழுத்த ஓமோனுக்கான வாங்கியின் பரம்பரையலகில் மெதைல் கூட்டங்கள் (அலகை அடக்கி வைக்கும் சிறு இரசாயனத் துணுக்குகள்) ஒட்டியிருப்பதும் அதில் குறைவு என்று 2004 இல் காட்டினார்கள். நக்குதல் பரம்பரையலகின் எழுத்தை மாற்றுவதில்லை, அது எவ்வளவு வேலை செய்யும் என்பதை மாற்றுகிறது.

பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "பெறாத தாய் நக்கினாலும் அப்படித்தானோ ரீச்சர்?" 2009 இல் தாயை இழந்து சின்னம்மாவிடம் வளர்கிற பிள்ளை. மாற்றி வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள், பெற்றவளைவிட வளர்த்தவளின் பழக்கம்தான் குஞ்சில் தெரிந்தது என்றேன். அப்படி வளர்ந்த பெண் எலி பிறகு தன் குஞ்சுகளையும் அப்படியே நக்கியது என்பதையும் சொன்னேன். எலியோடு நிறுத்திக்கொண்டேன். மனிதருக்கு இழுத்துப் பொருத்துவது என் வேலை இல்லை. அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

மணி அடிப்பதற்குள் 2017 இல் வந்த அமெரிக்கக் காட்டெலி ஆய்வையும் தொட்டுவிட்டேன். தாயும் தகப்பனும் சேர்ந்து வளர்க்கும் ஓர் இனம், தகப்பன் அவ்வளவாகக் கவனிக்காத இன்னோர் இனம். இரண்டையும் கலந்து பார்த்ததில் வாசோபிரசின் என்ற ஓமோனின் பரம்பரையலகு கூடு கட்டுவதோடு தொடர்புபட்டது, மற்றக் கவனிப்போடு அல்ல. கூடு ஒரு கணக்கு, நக்குவது இன்னொரு கணக்கு. தகப்பன் விசயம் திங்கள் தொடரும் என்றதும் பெடியள் பக்கம் ஒரே சிரிப்பு.