தலைகீழாக நிறுத்திய சைக்கிள்

25 ஒக்டோபர் 2025, சனி

டொரன்டோ மச்சாளின் நச்சரிப்புத் தாங்காமல் இன்று ‘பிளாக் மிரர்’ என்ற ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரைத் தொடங்கினேன். ஒவ்வொரு பாகமும் தனிக்கதை. முதற்கதையில் இளவரசியைக் கடத்திவிடுகிறார்கள். விடுவிக்க வேண்டுமானால் பிரதமர் நேரலையில் ஒரு பன்றியோடு... மிச்சத்தை எழுத மாட்டேன். பக்கத்துக் கதிரையில் அம்மா, கந்தசஷ்டி விரதம், வாயில் கவசம். நான் ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் கேட்டுவிட்டார்.

“என்ன தம்பி இது?”

“செய்தி, அம்மா.”

தொடர் 2011 டிசம்பரில் பிரித்தானியாவின் சனல் 4 இல் ஆரம்பித்ததாம். அதே ஆண்டு ஜூனில் அதே சனல் காட்டிய வன்னி இறுதிப்போர்க் காட்சிகளை நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தோம். அது கற்பனையில்லை.

26 ஒக்டோபர், ஞாயிறு

இரண்டாம் கதைக்கு அப்பாவும் வந்து இருந்துவிட்டார். சாம்பல் உடுப்புப் போட்ட இளைஞர்கள் நாள் முழுதும் நின்ற இடத்தில் சைக்கிள் மிதிக்கிறார்கள். மிதிக்க மிதிக்கப் புள்ளிகள் சேரும்; பல் துலக்கும் பசைக்கும் புள்ளிதான் கொடுக்க வேண்டும். அறையின் சுவரெல்லாம் திரை. விளம்பரத்தைத் தவிர்த்தால் புள்ளி குறையும், கண்ணை மூடினால் காதைக் கிழிக்கும் ஓசை.

நான் பயந்துபோய்ப் பார்த்தேன். அப்பா சிரித்தார்.

தொண்ணூறுகளில், போர்க்கால யாழ்ப்பாணத்தில், எங்கள் வீட்டு விறாந்தையிலும் ஒரு சைக்கிள் தலைகீழாக நின்றது. மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. டைனமோவைப் பின்சில்லோடு சேர்த்து, அதிலிருந்து இரண்டு வயர் றேடியோவுக்கு. இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. எனக்கு அப்போது எட்டு வயது. கை சோர்ந்தால் செய்தியாளரின் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிடும். எந்த ஊரில் குண்டு விழுந்தது என்ற இடத்தில் அது இறங்கிவிட்டால், சுற்றி நிற்கும் அயலவர் அத்தனை பேரும் என்னைத் திட்டுவார்கள். ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் கறள் பிடித்த ரிம் ஒரே சீராகச் சுழல்வது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

“நாங்கள் கேட்க வேண்டும் என்று சுற்றினோம். இவர்களுக்கு வேண்டாம் என்றாலும் நிறுத்த வழியில்லையே, பாவங்கள்” என்றார் அப்பா. பிறகு, அந்தப் பெடியன் பதினைந்து மில்லியன் புள்ளியையும் ஒரு பெண்ணுக்குப் பாட்டுப் போட்டி டிக்கெட் வாங்கக் கொடுத்ததற்காக அவனை நன்றாகத் திட்டினார்.

30 ஒக்டோபர், வியாழன்

மூன்றாவது கதையில் காதுக்குப் பின்னால் ஒரு மணியளவு கருவி. கண்டது, கேட்டது எல்லாம் பதிவாகும். வேண்டியபோது திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். கணவன் மனைவியின் பழைய காதலைத் தோண்டித் தோண்டிக் குடும்பத்தையே குலைக்கிறான். நன்றாக எடுத்திருக்கிறார்கள், ஆனால் எனக்கு அவன்மேல் எரிச்சல்தான் வந்தது. 1995இல் இதே நாள் இரவு, போருக்குப் பயந்து, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதிச் சனம் முழுதும் கிழக்கே தென்மராட்சி நோக்கி நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் ஓர் அடி வைக்கப் பல நிமிடம். அம்மா அரிசியும் உறுதிப் பத்திரமும் எடுத்தார், பட அல்பத்தை விட்டார். திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. என் சிறுவயதுப் படம் ஒன்றுகூட இல்லை. அந்த மணி எங்களிடம் இருந்திருந்தால் பழைய சண்டைக்கா பாவித்திருப்போம்?

31 ஒக்டோபர்

மழை. கரண்ட் இல்லை. பார்க்கவில்லை.

2 நவம்பர், ஞாயிறு

இன்றைய கதையில், இறந்த காதலன் எழுதியதையும் பேசியதையும் வைத்து ஒரு மென்பொருள் அவன் குரலில் பேசுகிறது. 2013இல் எடுத்தது, இன்று இது விற்பனைப் பொருள். பிற்பாதியில் உடம்போடு ஒருவன் வந்தபின் கதை சற்றுத் தொய்கிறது. தொலைபேசிக் குரல் மட்டும் போதுமாயிருந்தது.

முடிந்ததும் அம்மா எழுந்துபோய், சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு கசெற்றை எடுத்துவந்தார். பெரியப்பா பிரான்சிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியது. இடப்பெயர்வுக்கும் இது அரிசிப் பைக்குள் வந்திருக்கிறது, எனக்கு இன்றுவரை தெரியாது. பெரியப்பா காலமாகிப் பதினெட்டு வருடம். வீட்டில் கசெற் போடும் பெட்டியில்லை. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரிகிறது. நாளை ஸ்டான்லி வீதியில் பழைய றேடியோ திருத்துபவர் யாராவது இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். துடைக்காமல் ஓடவிட்டால் அறுந்துவிடும் என்கிறார் அப்பா.