ஓட்டு இல்லாத நாற்காலி

முதுகலை உளவியல் முதலாண்டில், வகுப்பில் எல்லாரும் சேர்கிறார்களே என்று நானும் ஓர் உளவியல் சங்கத்தில் மாணவர் உறுப்பினர் ஆனேன். கேட்டது அதிகமில்லை: படிப்புச் சான்று, பேராசிரியர் ஒருவரின் கையெழுத்து, குறைந்த சந்தா. கையெழுத்துக்குத்தான் பத்து நாள் அலைந்தேன். அதன்பின் ஒரு வருடம் எதுவும் நடக்கவில்லை. செய்திமடல் வரும், திறக்காமலே கிடக்கும். தன்விவரத்தில் ஒரு வரி கூடியதுதான் மிச்சம்.

அந்த வரியையும் தப்பாக எழுதியிருந்தேன். வெறும் 'உறுப்பினர்' என்று இருந்ததைப் பார்த்த என் வழிகாட்டி, "மாணவர் என்ற சொல்லை எங்கே விழுங்கினாய்?" என்று கேட்டார். மாணவர் உறுப்பினர் என்பது தொழில் தகுதியல்ல, ஆலோசனை தரும் உரிமமும் அல்ல. பார்ப்பவர் அப்படி நினைக்க இடம் கொடுப்பதே நெறிமுறைத் தவறு. அன்றே திருத்தினேன்.

மாநாட்டில் ஆய்வைப் போஸ்டராக வைத்து விளக்க அனுப்பிய முதல் ஆய்வுச் சுருக்கம் திரும்பி வந்துவிட்டது. காரணம் நானேதான். தரவு திரட்டி முடிப்பதற்குள் கடைசித் தேதி வந்துவிட, 'முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்' என்று எழுதி அனுப்பியிருந்தேன். மதிப்பீட்டாளருக்கு அதில் மதிப்பிட என்ன இருக்கிறது? மறுமுறை எண்களோடு அனுப்பினேன், ஏற்றார்கள்.

போஸ்டர் அருகில் முக்கால் மணி நேரம் தனியாக நின்றேன். பிறகு ஒரு மூத்தவர் வந்து நிதானமாகப் படித்துவிட்டு, "பி மதிப்பு இருக்கிறது சரி, விளைவின் அளவு எங்கே?" என்றார். நான் கணக்கிடவே இல்லை. வேறுபாடு தற்செயலா என்று மட்டும் பார்த்தேனே தவிர, அது எவ்வளவு பெரிது என்று பார்க்கவில்லை. தடுமாறினேன். அவர் சிரித்துவிட்டு, தங்கள் பிரிவின் செயற்குழுவில் கூட்டக் குறிப்பு எழுத ஒரு மாணவர் தேவை, வருகிறாயா என்றார்.

சங்கம் உண்மையில் நடப்பது பிரிவுகளில், அதாவது உளவியலின் ஒவ்வொரு துறைக்குமான உள்குழுக்களில்தான் என்று அப்போதுதான் புரிந்தது. அமெரிக்க உளவியல் சங்கத்தில் மட்டும் 54 பிரிவுகள். வரிசை எண் 56 வரை போகும், 4, 11 இரண்டும் காலி. 1892இல் தொடங்கிய அந்தச் சங்கத்தில் முதுநிலை மாணவர்களுக்கென்று தனி அமைப்பு வந்தது 1988இல். அதைப் படித்தபிறகு, எங்கள் குழுவில் எனக்கு ஓட்டு இல்லை என்பது பெரிய அதிர்ச்சியாக இல்லை.

முதல் இரண்டு கூட்டங்களில் வாயே திறக்கவில்லை. மூன்றாவதில் ஒரு குறையைச் சொன்னேன். பதிவுக் கட்டணம் கட்ட முடியாத மாணவர்கள் தன்னார்வலராக வருகிறார்கள். இரண்டு நாளும் பதிவு மேசையில் அடையாள அட்டை கொடுத்தே ஓர் உரைகூடக் கேட்காமல் திரும்புகிறார்கள். போன வருடம் அப்படித் திரும்பியவர்களில் நானும் ஒருத்தி. எல்லாரும் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். ஆனால் குறிப்பு எழுதுவது நானல்லவா? 'தன்னார்வலர் வேலை நேரம்: முடிவு எடுக்கவேண்டியது' என்று எழுதி வைத்தேன். அடுத்த கூட்டம் முந்தைய குறிப்பைப் படித்துத்தானே தொடங்கும், தப்பிக்க முடியவில்லை. ஆளுக்கு அரை நாள் வேலை என்று முடிவானது. உறங்கும் அறை வசதியும் கேட்டேன், அது நடக்கவில்லை.

இப்போது படிப்பு முடிந்தது, மாணவர் உறுப்பினர் நிலையும் அதோடு போனது. முழு உறுப்பினர் விண்ணப்பத்துக்கு இரண்டு பேர் முன்மொழிய வேண்டும். விளைவின் அளவு கேட்டவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டேன். இன்னொன்று பாக்கி.