ஒரே டிஸ்க், இரண்டு சிஸ்டம்: ஸ்டீம் லைப்ரரியைப் பொதுவாக்கிய மூன்று வாரம்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். தம்பி விண்டோஸில் இருப்பான், நான் லினக்ஸ் மின்ட் என்ற வேறொரு இயங்குதளத்தில். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையிலிருந்து கேம்களை ஆளுக்கொரு முறை இறக்கியதில் ஒரே கேம் டிஸ்க்கின் இரண்டு பகுதிகளிலும் (பார்ட்டிஷன்) இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. புதிதாக 1 டிபி எஸ்எஸ்டி மாட்டியதும், கேம்களை எல்லாம் அதில் ஒரே லைப்ரரியாகப் போட்டு இருவரும் பயன்படுத்தலாம் என்று தோன்றியது. ஒரு சாயங்கால வேலை என்றுதான் நினைத்தேன்.

லினக்ஸின் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை விண்டோஸ் தானாகப் படிக்காது. அதனால் டிஸ்க்கை விண்டோஸின் வடிவமான, லினக்ஸும் படிக்கும் என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்தேன். தம்பி பக்கம் லைப்ரரி உடனே சேர்ந்துவிட்டது. என் பக்கம் போனால், 'எக்ஸிக்யூட் அனுமதியோடு மவுன்ட் ஆன டிஸ்க்தான் வேண்டும்' என்று ஸ்டீம் மறுத்துவிட்டது. அதாவது, டிஸ்க்கை இணைக்கும்போதே (மவுன்ட்) அதிலுள்ள புரோகிராம்களை ஓட்டவும் அனுமதி தர வேண்டும். டிஸ்க்குகளை எப்படி இணைப்பது என்று லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் 'எக்ஸெக்' என்று நானே என் கையால் எழுதியிருந்தேன். பிறகு ஏன்? அரை நாள் போன பிறகுதான் கண்ணில் பட்டது: 'யூசர்' என்ற சொல் வந்தாலே அது எக்ஸிக்யூட் அனுமதியை எடுத்துவிடும். நான் 'எக்ஸெக், யூசர்' என்று எழுதியிருந்தேன். முன்னால் கொடுத்ததைப் பின்னால் வந்தது பிடுங்கிக்கொண்டது. 'யூசர், எக்ஸெக்' என்று மாற்றிப் போட்டதும் சரியானது. கூடவே யூஐடி 1000 என்று என் கணக்கின் எண்ணையும் சேர்த்தேன்.

இதற்கு அப்புறம் வந்ததுதான் என்னை உண்மையிலேயே படுத்தியது. சில நாள் எல்லாம் ஓடும். சில நாள் அப்டேட் தொடங்கியதும் 'டிஸ்க் ரைட் எரர்'. புது எஸ்எஸ்டியே கோளாறோ என்று சந்தேகப்பட்டு கேபிளைக்கூடக் கழற்றி மாட்டினேன். ஒரு நாள் மவுன்ட் பட்டியலைப் பார்த்தபோது டிஸ்க் படிக்க மட்டும் திறந்திருந்தது. எழுத அனுமதி இல்லை. எந்த நாளில் இப்படி ஆகிறது என்று ஒரு தாளில் குறித்துவைக்க ஆரம்பித்தேன். நான்காம் நாள் பிடிபட்டது. தம்பி விண்டோஸிலிருந்து ரீஸ்டார்ட் கொடுத்து என்னிடம் விட்டால் பிரச்சினை இல்லை. ஷட் டவுன் செய்துவிட்டுப் போனால் பிரச்சினை.

வழக்கமாக நாம் நினைப்பதற்கு நேர் எதிர் இது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட் டவுன் முழுதாக நடப்பதில்லை. பாதி ஹைபர்னேட் ஆகித் தூங்குகிறது. டிஸ்க்கையும் 'நான் இன்னும் முடிக்கவில்லை' என்ற நிலையிலேயே விட்டுவிடுகிறது. லினக்ஸ் அதைப் பார்த்து, எழுதினால் கெட்டுவிடும் என்று படிப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ரீஸ்டார்ட்டில் மட்டும் முழுதாக மூடித் திறக்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் போய் அந்த டிக்கை எடுத்தேன். "பூட் ஆக லேட்டாகுது அண்ணா" என்று தம்பி ஒரு வாரம் முனகினான்.

சரி, எழுதும் பிரச்சினை தீர்ந்தது. ஹேடிஸ் என்ற கேமைத் திறந்தேன். பிளே பட்டன் பச்சையாகி, ஸ்டாப் என்று மாறி, மறுபடி பிளே. ஒரு எரரும் இல்லை. ஹேடிஸுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது, விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டவைக்கும் புரோட்டான் வழியாகத்தான் ஓடும். புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குட்டி விண்டோஸ் வீட்டைக் கட்டித்தருகிறது. 'காம்பேட்டேட்டா' ஃபோல்டருக்குள் சி டிரைவ், டாக்குமென்ட்ஸ் எல்லாம் இருக்கும். அதில் 'சி:', 'இசட்:' என்று முக்காற்புள்ளி வைத்த இணைப்புகளும் உண்டு. விண்டோஸில் கோப்பின் பெயரில் முக்காற்புள்ளி செல்லாது. என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் அந்த வீட்டைக் கட்டினால் வம்புதான். வழி என்னவென்றால், காம்பேட்டேட்டாவை லினக்ஸின் சொந்தப் பார்ட்டிஷனில் வைத்துவிட்டு, பொது டிஸ்க்கில் அதே பெயரில் அதைச் சுட்டும் ஒரு சிம்லிங்க் (இணைப்பு) மட்டும் போடுவது. பழைய ஃபோல்டரை அழித்தேன். சேவ் கோப்புகளும் அதற்குள்தான் இருந்தன என்பது அழித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது! ஹேடிஸின் சேவ்களை ஸ்டீம் க்ளவுட் ஆன்லைனில் வைத்திருப்பதால் தப்பித்தேன். நீங்கள் செய்வதானால் முதலில் ஒரு காப்பி எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் வேடிக்கையானது. ஸ்டார்டியூ வேலி, போர்ட்டல் 2 இரண்டும் நான் லினக்ஸில் திறக்கும்போதெல்லாம் ஏதோ இறங்கிக்கொண்டே இருந்தது. மறுநாள் தம்பி திறந்தால் அங்கேயும் இறங்கும். இந்த இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு தனியாக உண்டு. ஃபோல்டர் ஒன்றுதான் என்பதால், என் பக்கம் ஸ்டீம் விண்டோஸ் கோப்புகளை எடுத்துவிட்டு லினக்ஸ் கோப்புகளைப் போடும். அவன் பக்கம் அதைத் திருப்பிப் போடும். ஒருவர் மடித்து வைத்த துணியை இன்னொருவர் கலைத்து மடிப்பது போல. கேமின் பிராப்பர்டீஸில் கம்பேட்டிபிலிட்டி பக்கத்துக்குப் போய் புரோட்டானைக் கட்டாயமாக்கினேன். இப்போது என் பக்கமும் விண்டோஸ் பதிப்புதான். சொந்தப் பதிப்பு இருந்தும் புரோட்டானில் ஓட்டுவது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான், ஆனால் தினமும் டேட்டா கரைவது நின்றது.

கணக்கு விஷயத்தில் பெரிய வேலை இல்லை. வாங்கிய கேம்களைக் குடும்பத்தோடு பகிர 2024 செப்டம்பரில் பொதுவுக்கு வந்த ஸ்டீம் ஃபேமிலீஸில் ஆறு பேர் வரை சேரலாம். நான் வாங்கியதைத் தம்பி அவன் கணக்கில் ஆடுகிறான், சேவும் தனித்தனி.

நேற்று அவன் பக்கம் அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. இரவு நான் திறந்தால் டிஸ்க் மறுபடி படிக்க மட்டும். இந்த முறை பதறவில்லை. விண்டோஸுக்குப் போய், டிஸ்க் பிழைகளைச் சரிசெய்யும் செக்டிஸ்க் ஓட்டி, நின்ற அப்டேட்டை அங்கேயே முடித்து, முழுதாக மூடினேன். திரும்பி வந்ததும் எழுத முடிந்தது. யூபிஎஸ் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.